நான்கு தந்தி, மூன்று பொய்ச் சீட்டு

உபதேசியார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, என் சீட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காலை ஐந்தே கால் இருக்கும். ஆலயத்துக்குள் ஈரத் தலைமுடி மணமும் மல்லிகை மணமும் கலந்து கிடந்தன.

“யுகு... யுகுலேலே என்னும் இசைக்கருவி பயில்வதில், இந்த மாதத்துக்கென்று வைத்த இலக்கை முடிக்கக் கிருபை செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

பாடகர் வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உபதேசியாருக்கு நான்கு மாதமாக அந்தப் பெயர் நாவில் வழுக்குகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் முட்டில் தட்டிக்கொடுத்தார். தாழ்மை என்று நினைத்திருப்பார்.

தாழ்மை ஒன்றும் இல்லை. அது நான் போட்ட நான்காவது சீட்டு. முதல் சீட்டில் எழுதியிருந்தது உண்மை. பிறகு போட்ட மூன்றும் பொய்.

இந்தத் தொடரில் இதுவரை பஸ்ஸையும் பஸ்ஸில் ஏறியவர்களையும் பற்றியே எழுதி வந்தேன். வாசகர்கள் சிரித்ததாகக் கடிதம் போட்டார்கள். இந்த வாரம் என்னைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

பத்து நிமிடத்தில் ஊர்ச் செய்தி

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கொட்டாரம் என்ற ஊரில். எங்கள் சபையில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி விடியும் முன்பே ஆராதனை. போன மாதத்தில் நன்மை கண்டவர்கள், என்ன நன்மை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, காணிக்கைக் கவரில் வைத்துக் கொடுப்பார்கள். உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். மகனுக்கு விசா வந்தது, பசு சுகமாகக் கன்று போட்டது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது, மருமகள் கோபம் தீர்ந்து திரும்பி வந்தது. ஊரில் நடந்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு தூண் ஓரமாக ஒரு ஸ்டாண்டில் ஃபோனைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். நேரலை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தபடியே பார்ப்பார்கள். என் சீட்டை ஊர் மட்டும் கேட்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரே மாதிரி இரண்டு

என் மகள் ஷீபா மஸ்கட்டில் நர்ஸ். போன லீவில் வந்தபோது பெட்டியைத் திறந்து பால்பவுடர், பிஸ்கெட், தைலம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக இரண்டு குட்டிக் கிட்டார்களை எடுத்தாள். ஒரே நிறம், ஒரே அளவு. நான்கே தந்தி.

“ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. இதுக்குப் பேரு யுகுலேலே.”

“எனக்கு எதுக்கு மக்கா? பஸ்ஸில விசில் ஊதினவனுக்கு வேற என்ன வாத்தியம்?”

“ரிட்டையர் ஆகி ஒரு வருஷமா டிவிக்கு முன்னாலதான இருக்கிய. நாம ரெண்டு பேரும் சேந்து படிப்போம்பா. அங்க எனக்கும் டியூட்டி விட்டா ரூம், ரூம் விட்டா டியூட்டி.”

கடைசி வாக்கியத்தை அவள் தந்தியை முறுக்கிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள். நானும் அதைப் போகிற போக்கில்தான் கேட்டேன். அங்கேயே நான் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்து, “கண்டக்டர் வீட்டில கிட்டாரு குட்டி போட்டிருக்கா?” என்றார். அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திட்டமெல்லாம் ஷீபா போட்டது. வருஷத்துக்கு ஒரு இலக்கு என்று வைத்தால் இரண்டு பேரும் மறந்துவிடுவோம், மாதத்துக்கு ஒன்று வைப்போம் என்றாள். முதல் மாதம் மூன்று கார்டு. இரண்டாம் மாதம் விரலைப் பார்க்காமல் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. மூன்றாம் மாதம் வலது கையால் மேலும் கீழுமாகத் தாளம் தட்டுவது. நான்காம் மாதம் ஒரு கீர்த்தனை முழுக்க. ஐந்தாம் மாதம் வாசித்துக்கொண்டே பாடுவது. லீவை இரண்டாகப் பிரித்து வாங்கியிருந்தாள். ஐந்தாம் மாதம், விளைச்சலைக் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு வருவாள், அப்பாவும் மகளும் ஆலயத்தில் சேர்ந்து வாசிப்போம். இதுதான் பேச்சு.

கண்டக்டரின் இடது கை

கார்டு என்றால் கழுத்துப் பக்கத்தில் இடது கை விரல்களை ஆளுக்கொரு இடத்தில் வைத்து அழுத்துவது. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் என் இடது கை முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கட்டைப் பிடித்த கை. விரல்கள் நான்கையும் ஒட்டி, துடுப்பு மாதிரி வைத்தே பழக்கம். ஒரு விரலை மட்டும் எடு என்றால் நான்கும் சேர்ந்து வரும், கல்யாண வீட்டுக்குப் போகும் குடும்பம் மாதிரி.

முதல் மாதம் நான் ஏமாற்றவில்லை. காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி. யூடியூபில் பையன் ஒருவன் சொல்லித் தந்தான். விரல் நுனி சிவந்து கொப்புளம் வந்தது. சோப்பு பட்டால் எரியும். மாதக் கடைசியில் மூன்று கார்டும் வந்துவிட்டன. ஷீபாவுக்கு ஃபோனிலேயே வாசித்துக் காட்டினேன். சீட்டெழுதிக் கவரில் வைத்தேன்.

சீட்டு வாசித்த அன்று வாசலில் எனக்குக் கிடைத்த மரியாதையை நான் வேலையில் இருந்த காலத்தில்கூடக் கண்டதில்லை. “இந்த வயசிலயா அண்ணாச்சி! கொள்ளாமே!” என்று ஒருவர். போதகர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எனக்க வீட்டுக்காரரு ரிட்டையர் ஆனப்புறம் படிச்சது ஒறங்கதுக்கு மட்டுந்தான்” என்று ஒரு அக்காள் சொல்ல, அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றே கொட்டாவி விட்டார்.

இரண்டாம் மாதம்தான் சோதனை. கார்டு மாறும்போதெல்லாம் சத்தம் அறுந்துபோகும். இரண்டு வாரம் முயன்றேன். பிறகு ஒரு கல்யாணம், ஒரு சளி, ஒரு வாய்க்கால் சண்டை. யுகுலேலே அலமாரி மேலே ஏறியது.

முதல் தேதிக்கு முந்தின நாள் மனைவி ஸ்டெல்லா கவரை எடுத்து மேசையில் வைத்து, “இந்த மாசம் சீட்டு எழுதலியா?” என்று கேட்டாள். முடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது. ஆலய வாசலில் கிடைத்த அந்த மரியாதை கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்த மாதம் சேர்த்து முடித்துவிட்டால் போயிற்று என்று எழுதிவிட்டேன். மூன்றாம் மாதமும் அப்படியே.

என் விசிலை நம்பியவர்

ஒரு பழைய கதை. இதற்குச் சம்பந்தம் இருக்கிறது.

அஞ்சுகிராமம் வண்டியில் என்னோடு பல வருடம் ஓட்டிய டிரைவர் ஒருவர், நெல் வயல் பக்கத்து ஊர்க்காரர். விபூதி இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். அந்த வண்டியில் வராத பேச்சு கிடையாது. தூங்கும் ஒருவரை எழுப்பி எங்கே போகணும் என்று கேட்டால், “நான் எங்கயும் போகல தம்பி, பஸ்தான் போவுது” என்பார். நிற்க இடமில்லாதபோது பூக்காரி ஒருத்தி பக்கத்து ஆள் மேல் சாய்ந்துகொண்டு, “நான் இருக்கல்ல, சாரி வச்சிருக்கு” என்பாள். சாரி வைப்பது என்றால் சாய்த்து வைப்பது, அவள் என்னவோ ஏணி மாதிரி!

ஒருநாள் கொட்டாரத்தில் கூட்டம். பின்வாசலைப் பார்க்காமலே விசில் கொடுத்துவிட்டேன். ஒரு பெண் ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். வண்டி நகர்ந்தது. விழுந்து முட்டித் தோல் பெயர்ந்தது. பெரிய காயம் இல்லை. டிரைவர் இறங்கி வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

“எனக்குப் பொறத்தால கண்ணு இல்லலே. உனக்க விசில நம்பித்தான் வண்டிய எடுக்கேன்.”

அன்றைக்கு எனக்கு உறைத்தது என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

வாசலுக்கு வந்த அழைப்பு

நான்காவது சீட்டு வாசித்த காலைக்கு வருகிறேன். ஆலயத்தை விட்டு வெளியே வந்து, சுக்குக் காப்பியைக் கையில் வாங்கும்போதே ஷீபாவின் அழைப்பு.

“அப்பா, லைவ்ல கேட்டேன்! கீர்த்தனை முழுசும் வந்துட்டா? இப்ப வீட்டுக்குப் போயி எனக்கு வாசிச்சுக் காட்டணும்.”

“இப்ப வேண்டாம் மக்கா. சாயங்காலம்.”

சாயங்காலம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. யூடியூபில் அதே கீர்த்தனையை யுகுலேலேயில் வாசித்த பலர் இருந்தார்கள். ஷீபா பார்த்துப் படிக்கும் ஆளுடையது ஆகாது, கண்டுபிடித்துவிடுவாள். ரொம்ப நன்றாக வாசிப்பதும் ஆகாது. மத்தியானம் முழுக்கத் தேடி, நடுவில் ஒரு இடத்தில் தடுமாறும் ஒருவருடையதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. இவ்வளவு உழைப்பை அந்த நான்கு தந்தியில் போட்டிருந்தால் பாதிக் கீர்த்தனையாவது வந்திருக்கும்.

ஸ்டெல்லாவின் ஃபோனில் அதை ஓடவிட்டு, என் ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீடியோ வேண்டாம், பிடிக்க ஆள் இல்லை என்று ஷீபாவிடம் சொல்லியிருந்தேன்.

முடிந்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “அப்பா... எவ்வளவு நல்லா வாசிக்கிய.”

நிமிர்ந்து பார்த்தால் வாசல் நிலையில் ஸ்டெல்லா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. நேராக வந்து அவள் ஃபோனை எடுத்தாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள், இரண்டு பக்கமும்.

“எனக்க ஃபோன இனிமே இதுக்கு எடுக்காண்டாம்” என்றாள். அவ்வளவுதான்.

சர்க்கரை பார்த்த நாள்

அறுப்பின் பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஷீபா வந்தாள். வந்த மறுநாள் காலை, வெறும் வயிற்றில் எனக்குச் சர்க்கரை பார்க்க உட்கார்ந்தாள். புது மெஷின் வாங்கி வந்திருந்தாள். என் இடது கையை மடியில் வைத்து, மோதிர விரலைப் பிடித்து நுனியை அமுக்கினாள். ஊசியைக் குத்தவில்லை. மறுபடியும் அமுக்கினாள். நடுவிரல். ஆள்காட்டி விரல்.

பிறகு தன் இடது கையைத் திருப்பி என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் விரல் நுனிகளில் மஞ்சளாகக் காய்த்திருந்தது. தொட்டால் புளியங்கொட்டை மாதிரி கடினம். என் நுனிகள் வெண்ணெயாக இருந்தன.

பிறகு ஊசியைக் குத்தினாள், துளி இரத்தத்தைத் தொட்டு வைத்தாள், பஞ்சை அழுத்தினாள். மெஷின் கீச்சென்றது. அது காட்டிய எண்ணை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

“மக்கா, நான் மொத மாசத்தோட நிறுத்தியாச்சு” என்றேன்.

“அன்னைக்கு ஃபோன்ல வாசிச்சது?”

“யாரோ ஒரு ஆளு.”

பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள். இரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

“ரெண்டாம் மாசத்தோட நான் விட்டுட்டேம்பா. வார்டில வேலை கூடுதல், ரூம்ல கூட இருக்கவங்க ஒறங்கிற நேரம். இனி இது நமக்கு ஆகாதுன்னு பைக்குள்ள போட்டு ஜிப்பும் இழுத்தாச்சு. அடுத்த ஒண்ணாம் தேதி உபதேசியார் உங்க பேர வாசிச்சாரு. அறுபத்தோரு வயசில அப்பா முடிச்சிருக்காரு, எனக்கென்ன கேடுன்னு திரும்ப எடுத்தேன். பாத்ரூம்ல தண்ணி வாளியக் கவுத்துப் போட்டு அது மேல இருந்து வாசிப்பேன். கதவுக்கு அடியில துண்டு வச்சு அடைப்பேன், சத்தம் வெளிய போவாம. அங்க எங்கப்பாவும் இதே மாதிரி இருந்து வாசிச்சுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சுக்குவேன்.”

மற்றக் கையால் மெஷினை அணைத்தாள்.

“அப்ப நான் ஒத்தையிலதான் வாசிச்சேனா?”

எனக்கு வாய் பேசித்தான் பிழைப்பு. ஐம்பது பேர் நெரியும் வண்டியில் ஒருவருக்கும் பதில் இல்லாமல் விட்டதில்லை. அன்று பஞ்சை அவள் கையிலிருந்து வாங்கி நானே அழுத்திக்கொண்டேன்.

சபையின் முன்னால்

பண்டிகை நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. சிறப்புப் பாடல், தந்தையும் மகளும். முந்தின நாள் ஷீபா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நான் மட்டும் வாசிக்கேன். உங்களுக்குக் காய்ச்சல்னு உபதேசியார்கிட்டச் சொல்லிருதேன். நீங்க வீட்டில இருங்க.”

எனக்காக என் பிள்ளை பொய் சொல்லத் தயாராகிவிட்டாள். மூன்று சீட்டு எழுதியபோதும், ஸ்டெல்லா ஃபோனைத் துடைத்தபோதும் இல்லாத கேவலம் அப்போது வந்தது. சட்டைக்குள் இருக்கும் உடம்பே எனக்கு வேண்டாத சாமான் மாதிரி இருந்தது.

“காய்ச்சல் ஒண்ணும் இல்ல. நான் வருவேன்” என்றேன்.

பலிபீடத்துக்கு முன்னால் மட்டி வாழைக் குலையும் மரச்சீனிக் கிழங்கும் பலாவும் நெற்கதிரும் குவிந்து கிடந்தன. ஆலயம் முழுக்கப் பழ வாசனை. உபதேசியார் எங்கள் இருவர் பெயரையும் கூப்பிட்டார். ஷீபா எழுந்து முன்னால் போனாள். நான் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றேன்.

“உபதேசியாரே, ஒரு நிமிஷம். எனக்க சீட்டில மொத மாசம் உள்ளது மட்டுந்தான் நெசம். பொறவு வாசிச்ச மூணும் பொய். எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கப் போறது எனக்க மவ மட்டுந்தான். அவ அஞ்சு மாசமும் படிச்சா.”

மின்விசிறி சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. தூண் ஓரத்து ஃபோன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தலையைக் குனியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர், “செரி, இரியும் அண்ணாச்சி” என்றார். இருந்தேன்.

ஷீபா வாசித்தாள். இரண்டாம் அடியில் ஒரு கார்டு பிசகி நின்றாள். மூச்சு எடுத்தாள், அந்த அடியை முதலிலிருந்து தொடங்கினாள். ஐந்து மாதம் என்பது என்ன சத்தம் போடும் என்று அன்றுதான் கேட்டேன். அது சின்னச் சத்தம்தான். நான்கு தந்தி, ஒரு பாத்ரூமில் கவிழ்த்த வாளிமேல் இருந்து படித்தது.

ஆராதனை முடிந்ததும் பலர் என் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் ஒருவர், “என்ன கண்டக்டரே, வர்ற மாசம் என்ன இலக்கு? ஆகாயத்தில பறக்கதா?” என்று கேட்டுச் சிரிப்பு வாங்கினார். முதலில் என்னை உட்காரச் சொன்ன பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து காதோடு காதாக, “வேய், நான் வெத்தில விட்டதுக்குப் போட்ட ஸ்தோத்திரச் சீட்டு ஓர்மை இருக்கா? இப்பவும் மடியில இருக்கு” என்று வேட்டி மடிப்பைத் தொட்டுக் காட்டினார். ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் அவர் வெற்றிலையை நம்பி மஸ்கட்டில் ஒருத்தி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லையே!

வெரல காட்டுங்க

ஷீபா லீவு முடிந்து போனாள். போகிறவரை சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதைத் தவிர என்னிடம் வேறு பேச்சில்லை. நான் அலமாரி மேலிருந்து அதை எடுத்து, தூசி துடைத்து, தந்தி முறுக்கினேன். அவள் காதில் விழும்படிதான் முறுக்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ப் பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீடியோ அழைப்பு வந்தது. நான் முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்து, “மக்கா, இந்த மாசம் என்ன வைக்கலாம்?” என்றேன்.

“மாசம் ஒண்ணும் வேண்டாம்பா. தெனமும் இந்த நேரம் அரைமணி. நான் கூப்பிடுவேன், நீங்க வாசிக்கணும்.”

“செரி மக்கா.”

“முகத்தக் காட்டாண்டாம். வெரல காட்டுங்க.”

ஃபோனைச் சொம்பில் சாய்த்து, இடது கைக்கு நேராக வைத்தேன். முதல் கார்டு பிடித்தேன். தந்தி நாதமில்லாமல் டொக்கென்றது.

“அழுத்திப் பிடிங்க” என்றாள். அழுத்தினேன்.

அந்த அரைமணி நேரமும் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.